டெட்லைன்: 'பை', 'பிஃபோர்', 'அன்டில்' குழப்பம்

'சப்மிட் பை ஃப்ரைடே' என்று மெயில் வந்தால் வெள்ளிக்கிழமையும் சேர்த்தி. 'பிஃபோர் ஃப்ரைடே' என்றால் வியாழனோடு முடிந்தது. பலர் 'பை' போட வேண்டிய இடத்தில் 'அன்டில்' போட்டு, 'சப்மிட் அன்டில் ஃப்ரைடே' என்று எழுதுகிறார்கள். அது தவறு. தொடர்ந்து நடக்கும் செயலுக்குத்தான் 'அன்டில்': 'தி ஆபீஸ் இஸ் ஓப்பன் அன்டில் ஃபைவ்'. நீங்களே தேதி குறிப்பதானால் '5 பி.எம்., ஃப்ரைடே' என்று மணியையும் எழுதிவிடுங்கள். பாதிச் சண்டை குறையும்.

டெட்லைனோடு சேரும் வினைகள் கொஞ்சம்தான். குறிப்பதற்கு 'செட்', சொன்னபடி முடிப்பதற்கு 'மீட்', தவறவிட்டால் 'மிஸ்', தள்ளி வைக்க 'எக்ஸ்டெண்ட்'. 'ஃபினிஷ் தி டெட்லைன்' வேண்டாம். முடிப்பது வேலையை, கெடுவை அல்ல. தேதியை முன்னே இழுத்தால் 'பிரிங் ஃபார்வர்ட்'. நம்மூர் 'பிரிபோன்' வெளிநாட்டுக்காரர் பலருக்குப் புரியாது.

'டெட்லைன்' என்ற சொல்லின் பூர்வீகம் கொடூரமானது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864இல் ஜார்ஜியாவின் ஆண்டர்சன்வில் கைதிகள் முகாமில் மதிலுக்குச் சுமார் 19 அடி உள்ளே ஒரு தாழ்வான மரவேலி போட்டிருந்தார்கள். அதைத் தாண்டிய கைதியைக் காவலர் சுடலாம். அதுதான் 'டெட் லைன்'. பழைய அச்சு இயந்திரத்திலும் அதே பெயரில் ஒரு கோடு இருந்தது. அதற்கு வெளியே போன எழுத்து சரியாகப் பதியவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்களில் செய்தி கொடுக்க வேண்டிய கடைசி நேரத்துக்கு இந்தப் பெயர் வந்தது.