வேலையோடு எம்பிஏ: மணிக்கணக்கைச் சரிசெய்த விதம்

கோலாலம்பூரில் முழுநேர வேலையோடு படிக்கும்போது முதல் பருவத்தில் மூன்று பாடம் எடுத்ததுதான் தவறு. மலேசியத் தர விதிப்படி ஒரு கிரெடிட் என்றால் 40 மணி நேர உழைப்பு. 3 கிரெடிட் பாடத்துக்கு 120 மணி. 14 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் எட்டரை மணி. மூன்று பாடம் 25 மணியைத் தாண்டிவிடும், அலுவலகத்தில் மாதக் கணக்கு முடிக்கும் வாரத்தில் உடைந்துபோகும்.

இரண்டாகக் குறைத்ததும் 17 மணியில் நின்றது: சனிக்கிழமை வகுப்பும் படிப்புமாக ஏழு, நான்கு இரவுகள் இரண்டிரண்டு, ஞாயிறு காலை இரண்டு. நிதி, புள்ளியியல் போன்ற கணக்குப் பாடம் ஒன்று, கட்டுரைப் பாடம் ஒன்று எனச் சேர்ப்பது முக்கியம். இரண்டுமே கட்டுரை என்றால் ஒப்படைப்பு நாள்கள் மோதும். குழு வேலைக்கு உங்கள் பகுதியை மூன்று நாள் முன்பே முடித்துவிடுங்கள். தொகுப்பவர்தான் எப்போதும் மாட்டிக்கொள்கிறார், பாவம்.

கட்டணத்துக்கு இபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதியின் செஜாத்ரா கணக்கு (முன்பு இரண்டாம் கணக்கு) உதவும். சேர்க்கைக் கடிதமும் கட்டண விவரமும் வேண்டும். வருமான வரியில் சொந்தக் கல்விக்கு ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை கழிவு உண்டு. ஆகவே முழுத் தொகையையும் ஒரே ஆண்டில் கட்டாமல் பருவவாரியாகக் கட்டுங்கள். ரசீதுகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

சேரும் முன் மலேசியத் தகுதி முகமையின் (எம்கியூஏ) பதிவேட்டில் படிப்பின் பெயரைத் தேடுங்கள். ‘எக்ஸிகியூட்டிவ் மாஸ்டர்ஸ்’ எனும் சில படிப்புகள் தொழில்முறைச் சான்றிதழ்கள் மட்டுமே, பட்டமல்ல.