கீமோவுக்குப் பிறகு ஸ்நோமொபைல்: நிதிசேர் பயணத்துக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

கனடாவின் ஒன்ராறியோவில் ஈஸ்ரர் சீல்ஸ் என்ற தொண்டு அமைப்புக்காகக் காசு சேர்க்க நடக்கும் ஸ்நோவராமா ஓட்டத்தில், போன பனிக்காலம் நானும் ஸ்நோமொபைல் (பனியில் ஓடும் மோட்டார் வண்டி) ஓடினேன். மார்புப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து அப்போது பதினாலு மாதம். அதன் பிறகு சிகிச்சை முடித்த இரண்டு பேர் "நாங்களும் ஓடலாமா, எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்நோவராமா 1975 முதல் நடந்து வருகிறது. சேரும் காசு உடல் இயலாமையுள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்குப் போகிறது: சக்கர நாற்காலி, நடக்க உதவும் சாதனங்கள், கோடை முகாம். என்னுடைய கீமோவுக்கு அரசாங்கக் காப்புறுதி இருந்தது. ஆனால் பன்னிரண்டு கிழமை வைத்தியசாலையில் கார் நிறுத்தக் கட்டிய காசும், இவர் வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளமும் வீட்டிலிருந்துதான் போயின. ஒரு பிள்ளைக்கு வருத்தம் என்றால் செலவு முழுக் குடும்பத்துக்கும்தான். அதனால்தான் இந்த ஓட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

1. டொக்டரிடம் சரியான கேள்வியைக் கேளுங்கள்

"ஸ்நோமொபைல் ஓடலாமா?" என்று மட்டும் கேட்டால் "கவனமாக ஓடுங்கள்" என்றுதான் பதில் வரும். கேட்க வேண்டியவை வேறு. இரத்த அணுக்களின் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா, கீமோ ஏற்ற நெஞ்சில் தோலுக்கடியில் வைத்த போர்ட் இன்னும் இருந்தால் அதில் அடி படலாமா, கதிர்வீச்சு பட்ட தோலைக் கடும் குளிரில் எப்படி மூடுவது, கைவிரல் விறைப்போடு ஓடலாமா. கடைசிக் கேள்வியை நான் கேட்கவில்லை. அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று கீழே சொல்கிறேன்.

2. கடதாசி வேலை

கார் ஓடும் லைசென்ஸ் இருந்தால் ஒன்ராறியோவில் ஸ்நோமொபைல் ஓட அதுவே போதும். வண்டிக்குப் பதிவும் இன்சூரன்ஸும் வேண்டும், ஸ்நோமொபைல் கிளப் பாதைகளில் ஓடத் தனியாக ஒரு பெர்மிற்றும் வேண்டும். வாடகை வண்டி என்றால் இதெல்லாம் அதில் அடங்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் நாள் இரவு ஸ்நோமொபைல் சங்கக் கூட்டமைப்பின் இணைய வரைபடத்தைப் பாருங்கள். பச்சை என்றால் பாதை திறந்திருக்கிறது, மஞ்சள் என்றால் நிலைமை சுமார், சிவப்பு என்றால் போகவே கூடாது.

3. கட்டைவிரல்

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான், நீளமாகத்தான் எழுதப்போகிறேன். ஸ்நோமொபைலில் எக்ஸிலேற்றர் வலது கைப்பிடியில் ஒரு சின்ன நெம்புகோல். அதைக் கட்டைவிரலால் அமத்திக்கொண்டே இருக்க வேண்டும். பக்லிற்றாக்செல் என்ற கீமோ மருந்து எடுத்த பலருக்கு விரல் நுனிகள் விறைத்துப்போகும், எனக்கு அது இன்னும் முழுதாக மாறவில்லை. பழகப் போன முதல் நாள், மெதுவாக அமத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டே கடைசி வரைக்கும் அமத்தியிருக்கிறேன். எவ்வளவு அமத்துகிறேன் என்று விரல் எனக்குச் சொல்லவில்லை. வண்டி பாய்ந்து பாதையோரப் பனிமேட்டில் ஏறி நின்றது. பயத்தில் அன்று முழுக்கத் திரும்ப ஏறவில்லை.

பிறகு பிடிபட்ட வழி இது. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் உள்ள வண்டியைத் தொடாதீர்கள். அந்தப் புகை மணம் கீமோ கால வாந்தியை அப்படியே திருப்பிக் கொண்டுவரும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் உள்ள ஸ்கி-டூ கம்பனி வண்டியைக் கேளுங்கள், அதிலும் எக்ஸிலேற்றரைத் திருப்பிவிட்டு மற்ற விரல்களாலும் இழுக்கக்கூடிய மாதிரியைக் கேளுங்கள். எனக்கு ஆட்காட்டி விரலில் உணர்ச்சி கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது, அதோடு நடு விரலையும் சேர்த்து இழுத்தபோதுதான் வண்டி என் சொல் கேட்டது. வண்டியை மெதுவாக ஓடவைக்கும் "ECO" நிலையில் வைத்தால் தவறி அமத்தினாலும் வண்டி அவ்வளவு பாயாது. வெறும் மைதானத்தில் அரை மணிநேரம், நடைவேகத்தில், போவதும் நிற்பதுமாகப் பழகுங்கள்.

எஞ்சினை இயக்குமுன் நெம்புகோலை அமத்தி விடுங்கள், "டிக்" என்று உடனே திரும்ப வேண்டும். பனி உறைந்து அது சிக்கிக்கொண்டால் வண்டி நிற்காது. வண்டியோடு உங்களை இணைக்கும் பாதுகாப்புக் கயிற்றைக் கட்டாமல் ஒரு அடிகூட நகரக் கூடாது. நீங்கள் விழுந்தால் எஞ்சினை நிறுத்துவது அதுதான்.

கைப்பிடிச் சூட்டையும் குறைவாகவே வையுங்கள். விறைத்த விரலுக்குச் சுடுவது தெரியாது. ஒவ்வொரு தரிப்பிலும் கையுறையைக் கழற்றி விரல்களைக் கண்ணால் பாருங்கள்.

4. உடுப்பு

உள்ளே பருத்தி வேண்டாம், வியர்வையைப் பிடித்து வைத்துக் குளிரும். கம்பளி நல்லது. காசு மட்டாக இருந்தால் விலைகூடிய ஜாக்கெற்றை விட்டுவிட்டு மின்சாரத்தால் சூடாகும் ஹெல்மெற் கண்ணாடிக்குப் போடுங்கள். மூச்சு படிந்து கண்ணாடி மங்கினால் வேறு எதுவும் உதவாது.

(பிறகு சேர்த்தது: அக்குள் நிணநீர்க் கணுக்களை எடுத்த ஒரு அக்கா கை வீங்கியதாக எழுதியிருந்தார். அந்தப் பக்கக் கையுறையின் இறுக்கமான எலாஸ்ரிக்கும் தோள்பையின் பட்டியும் கையை நெரிக்கக் கூடாது. வீக்கத்துக்காகக் கையில் அழுத்த உறை போடுகிறவர்கள் அன்றைக்கும் போடுவதா என்று உங்கள் சிகிச்சையாளரிடம் கேளுங்கள்.)

5. கைச் சைகை

இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வலது கை எக்ஸிலேற்றரில் இருப்பதால் எல்லாச் சைகையும் இடது கையால்தான்: நிற்கப் போகிறேன் என்றால் கையை நேரே உயர்த்த வேண்டும், பின்னால் இன்னும் ஆட்கள் வருகிறார்கள் என்றால் தோளுக்கு மேலால் பின்பக்கம் காட்ட வேண்டும். எனக்குச் சத்திரசிகிச்சை இடது பக்கம், கை காதளவுக்குமேல் போகாது. குழுவை நடத்திய அண்ணையிடம் புறப்படுமுன் சொன்னேன். என்னை நடுவில் விட்டு, எனக்கு முன்னும் பின்னும் பழகியவர்களை விட்டார். நீங்களும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். பாதையில் மணிக்கு 50 கிலோமீற்றர்தான் உச்சம், யாரும் உங்களுக்காகப் பொறுக்க மாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

6. காசு சேர்ப்பது

இணையப் பக்கம் ஒன்று திறந்து தெரிந்தவர்களுக்கு அனுப்புங்கள். காசாகத் தருகிறவர்களின் முழுப்பெயரையும் விலாசத்தையும் அந்த இடத்திலேயே எழுதுங்கள், வரி ரசீதுக்கு இரண்டும் வேண்டும். நான் கடையிலும் கோயில் வாசலிலும் வாங்கிவிட்டு, பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டு இரண்டு இரவு போனது. "புற்றுநோயில் தப்பியவள்" என்று தொடங்குவதைவிட, ஒரு பிள்ளைக்குச் சக்கர நாற்காலி வாங்க ஒரு வீடு என்ன பாடுபடுகிறது என்று கதைத்தபோதுதான் ஆட்கள் மனதாரத் தந்தார்கள்.

ஓட்டம் முடிந்த மண்டபத்தில் ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் சக்கர நாற்காலியில் வந்திருந்தான். சில்லுகளில் ஒட்டிய பனியைத் தாய் துவாயால் துடைத்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து என் வண்டியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டான். நாற்காலியைக் கைப்பிடிக்குக் கிட்டத் தள்ளினோம். விரல்களால் எக்ஸிலேற்றரை இழுத்து விட்டான், "டிக்" என்றது, இன்னொரு முறை இழுத்தான். பாதுகாப்புக் கயிற்றை முதலே கழற்றி என் சட்டைப்பைக்குள் வைத்திருந்தேன்.