காரை இறக்குவதற்கு முன்: சஸ்பென்ஷன் மேம்படுத்தப் புதிதாக இறங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

வேகமான கார் ஒன்று கைக்கு வந்ததும் பலருக்கு முதலில் கண்ணை உறுத்துவது வீலுக்கும் மட்கார்டுக்கும் நடுவே தெரியும் இடைவெளிதான். காரின் உயரத்தைக் குறைக்கும் லோயரிங் ஸ்பிரிங் ஒரு செட் வாங்கிப் போட்டால் பார்க்க மிடுக்காகிவிடும், வளைவில் பாடி சாய்வதும் குறையும். அதே காரை மேடுபள்ளம் உள்ள வளைவில் கொஞ்சம் வேகமாக ஓட்டிப் பாருங்கள். முன்பு நிம்மதியாகப் போன வேகத்தில் இப்போது துள்ளும், ஸ்டீயரிங்கில் நம்பிக்கை வராது. இறக்கிய காரெல்லாம் நன்றாக வளையும் என்பது பாதி உண்மைதான்.

ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. வளைவது, பிரேக் பிடிப்பது, வேகமெடுப்பது எல்லாம் அந்த நான்கு உள்ளங்கை வழியாகத்தான் நடக்கிறது. சாலை எப்படி இருந்தாலும் அவற்றைத் தரையோடு ஒட்ட வைத்திருப்பதே சஸ்பென்ஷனின் வேலை. கீழே வரும் ஒவ்வொரு படியிலும், பாகம் வாங்கும் ஒவ்வொரு முறையும், "இதனால் டயர் தரையை இன்னும் நன்றாகப் பிடிக்குமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் தெரியாவிட்டால் பணத்தை எடுக்காதீர்கள்.

படி 1: இருப்பதைச் சோதியுங்கள்

தேய்ந்த காரில் புதுப் பாகம் போடுவது வீண். காரை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, வீலை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங்கையோ பால் ஜாயின்ட்டையோ சந்தேகிக்கலாம். முன் வீலை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது தளர்ச்சி தெரிந்தால் டை ராட் எண்டை (ஸ்டீயரிங்கை வீலோடு இணைக்கும் கம்பியின் நுனி) பாருங்கள். லோயர் ஆர்மின் (வீலைப் பாடியோடு இணைக்கும் கீழ்க் கை) பின்பக்க ரப்பர் புஷ்ஷை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அது வெடித்திருந்தால் பிரேக் போடும்போது வீலே சற்றுப் பின்னால் நகரும், டோ (மேலிருந்து பார்த்தால் வீல் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) மாறும், கார் ஒரு பக்கம் இழுக்கும். எத்தனை நல்ல ஸ்பிரிங் போட்டாலும் இது போகாது.

ஷாக் அப்சார்பர் மேல் லேசான எண்ணெய்ப் படலம் இருந்தால் பயமில்லை. ஈரமாகி, தூசி சேறு போல ஒட்டியிருந்தால் அதன் காலம் முடிந்தது.

பிறகு டயர். பழைய, இறுகிப்போன டயரைக் கழற்றி நல்ல தரமான டயர் போட்டால் கிடைக்கும் வித்தியாசம் எந்தக் காயில்ஓவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் அப்சார்பர் ஜோடி) செட்டிலும் கிடைக்காது. காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து பாருங்கள்.

கடைசியாக இரண்டு விஷயங்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒன்று, வீலின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை உள்ள உயரம், நான்கு மூலைக்கும். தரையிலிருந்து அளந்தால் காற்றழுத்தம் மாறும்போது கணக்கும் மாறிவிடும். இன்னொன்று, உங்கள் குறை என்ன என்பது. வளைவுக்குள் நுழையும்போது முன்பக்கம் திரும்பாமல் அகலப் போகிறதா? வெளியேறும்போது பின்பக்கம் நழுவுகிறதா? மேடு தாண்டியதும் படகு போல ஆடுகிறதா? "ஹேண்ட்லிங் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் தீர்வு கிடைக்காது.

படி 2: வீல் அலைன்மென்ட்

செலவு குறைவு, பலன் அதிகம். முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட், அதாவது ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாகச் சேர்ந்த அமைப்பு, உள்ள கார்களில் (இன்றைய கார்களில் பெரும்பாலானவை இதுதான்) பாடி சாயும்போது வெளிப்பக்க வீலும் கூடவே சாய்ந்து டயரின் வெளி ஓரத்தில் நிற்கும். இதை ஈடுகட்டத்தான் நெகட்டிவ் கேம்பர், அதாவது வீலின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்ந்திருப்பது. தினசரி ஓட்டும் காருக்கு முன்பக்கம் 1 முதல் 1.5 டிகிரி வரை போதும். ரேஸ் டிராக்குக்கும் போகிறவர்கள் 2.5 டிகிரியைத் தொடுவதுண்டு. பல கார்களில் கம்பெனி அமைப்பில் கேம்பரை மாற்றவே வழி இருக்காது. கேம்பர் போல்ட்டோ கேம்பர் பிளேட்டோ வாங்க வேண்டிவரும்.

டயரைத் தின்பது கேம்பர் என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மையில் அதைவிட வேகமாகத் தின்பது தவறான டோ. முன்பக்கம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். சற்றே டோ-அவுட் (வீல்களின் முன்பகுதி வெளிநோக்கி இருப்பது) வைத்தால் கார் வளைவில் சட்டென்று மூக்கைத் திருப்பும், ஆனால் நேர்ச்சாலையில் அலையும். பின்பக்கத்துக்குச் சற்று டோ-இன்தான் (முன்பகுதி உள்நோக்கி இருப்பது) நிம்மதி. அங்கே டோ-அவுட் வைப்பது புதியவர்களுக்கான வேலை இல்லை.

இதுவரை செய்ததோடு ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். நோட்டில் எழுதிய குறையில் பாதி காணாமல் போயிருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

படி 3: ஆன்ட்டி-ரோல் பார்

இடது, வலது வீல்கள் இரண்டையும் இணைக்கும் இந்தக் கம்பி பாடி சாயும்போது முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். திடமான கம்பியின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் படிக்கு ஏற்பக் கூடும். 22 மி.மீ. கம்பிக்குப் பதில் 24 மி.மீ. போட்டால் வெறும் 2 மி.மீ. என்று தோன்றும், ஆனால் விறைப்பு 40 சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும்.

எந்தப் பக்கம் போடுவது? எந்தப் பக்கத்தை விறைப்பாக்குகிறோமோ அந்தப் பக்கத்தின் பிடி குறையும். முன்வீல் டிரைவ் காரில் முன்பக்கம் அகலப் போவதுதான் வழக்கமான தொல்லை, ஆகவே பின்பக்கப் பாரை மட்டும் தடிமனாக்கினால் கார் நன்றாகத் திரும்பும். பின்வீல் டிரைவ் காரில் இதையே செய்தால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது பின்பக்கம் கைவிட்டுப் போகும். மழையில் இன்னும் மோசம். விறைப்பை மாற்றும் துளைகள் உள்ள பார் வாங்கி, மிருதுவான துளையிலிருந்து தொடங்குங்கள்.

படி 4: ஸ்பிரிங்கும் டேம்பரும்

இங்கேதான் பணம் போகிறது, தவறுகளும் இங்கேதான். ஸ்பிரிங் காரைத் தாங்குகிறது, டேம்பர் (ஷாக் அப்சார்பர்) ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குகிறது. கம்பெனி டேம்பர் கம்பெனி ஸ்பிரிங்குக்காகச் செய்தது. விறைப்பான ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் அதை அடக்க டேம்பருக்குப் பலம் போதாது. இரண்டையும் ஜோடியாகவே வாங்குங்கள்.

எவ்வளவு இறக்கலாம்? சாலையில் ஓடும் காருக்கு 20 முதல் 30 மி.மீ. என்பதைத் தாண்ட வேண்டாம் என்பேன். இரண்டு காரணங்கள்.

முதலாவது, டேம்பர் உள்ளே போவதற்கு மிச்சமிருக்கும் தூரம். அந்தத் தூரம் தீரும் இடத்தில் பம்ப் ஸ்டாப் என்ற பஞ்சு போன்ற கட்டை இருக்கிறது. கார் அதில் உட்கார்ந்த கணத்தில் அந்த மூலையின் விறைப்பு பல மடங்கு எகிறும். வளைவின் நடுவில், ஒரு சிறு மேட்டில், முன்பக்கம் திடீரென்று பிடியை விடுவது பெரும்பாலும் இதனால்தான். சோதிக்க எளிய வழி உண்டு: டேம்பர் ராடைச் சுற்றி ஒரு சிறிய பிளாஸ்டிக் கேபிள் டையைக் கட்டி, சீலை ஒட்டித் தள்ளி வைத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டி வாருங்கள். அது ராடில் எவ்வளவு மேலே ஏறியிருக்கிறதோ அவ்வளவு தூரம் பயன்பட்டிருக்கிறது. பம்ப் ஸ்டாப்பை முட்டிக்கொண்டு நின்றால் கார் அளவுக்கு மீறி இறங்கியிருக்கிறது, அல்லது ஸ்பிரிங் போதாது.

இரண்டாவது, ரோல் சென்டர், அதாவது வளைவில் பாடி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி. மெக்பெர்சன் அமைப்பில் காரை இறக்கும்போது லோயர் ஆர்ம் வீல் பக்கம் மேல்நோக்கிச் சாய்கிறது. காரின் எடை மையம் இறங்குவதைவிட ரோல் சென்டர் அதிகமாக இறங்கிவிடுவதால், சாய்வை உண்டாக்கும் நெம்புகோல் நீள்கிறது. அதிகம் இறக்கினால் அதே ஸ்பிரிங்கில் சாய்வு கூடும் என்பது முதல் முறை கேட்பவருக்கு நம்ப முடியாததாக இருக்கும், ஆனால் நடப்பது அதுதான். இதைச் சரிசெய்ய நீட்டிய பால் ஜாயின்ட்டுகள் கிடைக்கின்றன. இறக்காமலேயே இருந்தால் அந்தச் செலவும் இல்லை.

ஸ்பிரிங் எண்களை நண்பரின் காரோடு ஒப்பிடாதீர்கள். வீல் உணரும் விறைப்பு என்பது ஸ்பிரிங் விறைப்பை மோஷன் ரேஷியோவின் வர்க்கத்தால் பெருக்கி வருவது. வீல் 10 மி.மீ. ஏறும்போது ஸ்பிரிங் 7 மி.மீ. மட்டும் அமுங்கும் காரில் ரேஷியோ 0.7, வர்க்கம் 0.49. அந்தக் காரில் 60 நியூட்டன்/மி.மீ. ஸ்பிரிங் வீலில் 30-ஐக்கூட எட்டாது. மெக்பெர்சனில் ரேஷியோ 1-க்குப் பக்கத்தில் இருக்கும். மாஸ்டா எம்எக்ஸ்-5 போல முன்பக்கம் டபுள் விஷ்போன் (மேலும் கீழும் இரண்டு ஆர்ம் கொண்ட அமைப்பு) உள்ள காரின் எண்ணை எடுத்து உங்கள் ஹேட்ச்பேக்கில் போட்டால் முதுகுதான் உடையும்.

காயில்ஓவர் அவசியமா? உயரத்தை மாற்றவும் எடையை மூலைக்கு மூலை சமன்செய்யவும் போகிறவருக்கு ஆம். மற்றவர்களுக்கு நல்ல டேம்பரும் அதற்கேற்ற ஸ்பிரிங்கும், மலிவான காயில்ஓவரைவிட எத்தனையோ மேல். பழைய ஸ்பிரிங்கின் சுற்றை வெட்டி உயரம் குறைக்கும் வேலை பற்றிக் கேட்காதீர்கள்.

படி 5: மாட்டுவது

முன்பக்க மெக்பெர்சன் ஸ்ட்ரட்டுக்கான முறை இது. பின்பக்கம் காருக்குக் கார் மாறும். டார்க் (போல்ட்டை இறுக்கும் முறுக்கு விசை) அளவுகளுக்கு உங்கள் காரின் சர்வீஸ் மேனுவல் கையில் இருக்கட்டும்.

1. சமதளத்தில் நிறுத்தி, பின் வீல்களுக்குக் கட்டை வைத்து, வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே தளர்த்துங்கள். தூக்கியபின் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள்.

2. வீலைக் கழற்றி, ஸ்ட்ரட்டில் பிடித்திருக்கும் பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் வயரையும் விடுவியுங்கள். ஆன்ட்டி-ரோல் பாரின் டிராப் லிங்க்கைக் கழற்றுங்கள்.

3. ஸ்ட்ரட்டும் நக்கிளும் (வீலைத் தாங்கும் பாகம்) சேரும் இரண்டு போல்ட்டுகளின் இருப்பைப் பெயின்ட் மார்க்கரால் குறித்துவிட்டுக் கழற்றுங்கள். லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக் இருக்கட்டும். நக்கிள் வெளிப்பக்கம் சாய்ந்தால் ஹோஸ் இழுபடும், டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயின்ட் பிரிந்து வரவும் கூடும். கம்பியால் கட்டி வையுங்கள்.

4. பானெட்டைத் திறந்தால் ஸ்ட்ரட்டின் தலையில் ஓரமாக உள்ள சிறு நட்டுகள் தெரியும். அவற்றை மட்டும் கழற்றி ஸ்ட்ரட்டை இறக்குங்கள். நடுவில் உள்ள பெரிய நட்டைத் தொடாதீர்கள். அமுங்கிய ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். அவிழ்த்தால் ஸ்பிரிங் உங்கள் முகத்தை நோக்கிப் பாயும், உயிரே போகலாம்.

5. ஸ்பிரிங் கம்ப்ரஸரை எதிரெதிர்ப் பக்கங்களில் மாட்டி இரண்டையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். மேல் மவுன்ட்டில் ஸ்பிரிங்கின் அழுத்தம் அறவே இல்லை, ஸ்பிரிங் லேசாக ஆடுகிறது என்றால் மட்டுமே நடு நட்டைத் தொடலாம். உறுதியான கம்ப்ரஸர் இல்லாதவர்கள் ஸ்ட்ரட்டை அப்படியே ஒரு வொர்க்‌ஷாப்புக்கு எடுத்துப்போய் இந்த ஒரு வேலையை மட்டும் செய்து வாங்குங்கள். இதில் வெட்கம் ஒன்றுமில்லை.

6. மேல் மவுன்ட்டின் பேரிங்கைக் கையால் சுழற்றிப் பாருங்கள். கரகரத்தால் இப்போதே புதிது போடுங்கள். ஸ்பிரிங்கின் நுனி அதன் இருக்கையில் உள்ள படியில் சரியாக அமர வேண்டும். லாக் நட் புதியதாக இருக்கட்டும். இம்பேக்ட் கன் வேண்டாம். ராடு சுழன்று சீல் கெடும். ராடை ஆலன் கீயால் பிடித்துக்கொண்டு ஸ்பேனரால் இறுக்குங்கள்.

7. கழற்றிய வரிசைக்கு நேர்மாறாக மாட்டுங்கள். ரப்பர் புஷ் உள்ள போல்ட் எதையாவது தளர்த்தியிருந்தால், காரின் எடை வீலில் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கம். ரப்பர் உள் குழாயோடும் வெளி வளையத்தோடும் ஒட்டியிருப்பது. தொங்கும் நிலையில் இறுக்கினால் கார் தரைக்கு வந்ததும் புஷ் எப்போதும் முறுக்கியபடியே நிற்கும், சில மாதத்தில் கிழியும்.

ஒரே ஆக்ஸிலின் இரு பக்கமும் ஒன்றாகவே மாற வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

படி 6: செட்டிங்

சில நாள் மெதுவாக ஓட்டி ஸ்பிரிங் படியட்டும். உயரத்தை மறுபடி அளந்து நோட்டில் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். போல்ட்டுகளை டார்க் ரென்ச்சால் இன்னொரு முறை சரிபார்த்துவிட்டு மீண்டும் அலைன்மென்ட்டுக்குப் போங்கள். உயரம் மாறியதால் கேம்பரும் டோவும் மாறியிருக்கும்.

அட்ஜஸ்ட் செய்யும் டேம்பர் என்றால் திருகை மெல்ல முழுக்க மூடி, அங்கிருந்து கிளிக் எண்ணித் திறந்து நடுவில் தொடங்குங்கள். நான்கு மூலைகளின் எண்ணையும் குறித்துவையுங்கள். மேடு தாண்டியபின் பாடி ஒருமுறைக்கு மேல் எழும்பி இறங்கினால் ரீபவுண்ட் (டேம்பர் நீளும்போது தரும் எதிர்ப்பு) போதவில்லை. அடுத்தடுத்து மேடு வரும்போது கார் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே அமுங்கிக்கொண்டே போனால் ரீபவுண்ட் அதிகம், வீல் திரும்பி இறங்க நேரமில்லாமல் தவிக்கிறது. கூரான விளிம்புகளில் டயர் தத்திப் போனால் பம்ப் (டேம்பர் அமுங்கும்போது தரும் எதிர்ப்பு) அதிகம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், இரண்டு கிளிக் மாற்றி, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். ஒரே நாளில் மூன்றை மாற்றினால் எது வேலை செய்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. எல்லையைத் தேடும் ஓட்டமெல்லாம் டிராக்கில் மட்டும்.

பலர் மறக்கும் ஒன்று ஹெட்லைட். கார் இறங்கும்போது முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அளவு இறங்காததால் வெளிச்சம் மேலேயோ கீழேயோ போயிருக்கும். தானாக உயரம் சரிசெய்யும் விளக்குள்ள பல கார்களில் அதன் சென்சார் சஸ்பென்ஷன் ஆர்மோடு ஒரு சிறு கம்பியால் இணைந்திருக்கும், அதை மறுபடி காலிபரேட் செய்ய வேண்டும். கம்பெனியிலிருந்தே எலெக்ட்ரானிக் டேம்பருடன் வந்த கார் என்றால், சாதாரண டேம்பர் போட்டதும் டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியலாம். அதற்கான மாட்யூலைக் கிட்டோடு சேர்த்தே ஆர்டர் செய்யுங்கள். உயரம் மாற்றுவதற்கு உங்கள் ஊர்ப் பதிவுச் சட்டமும் இன்ஷூரன்ஸும் என்ன சொல்கின்றன என்பதைப் பெட்டியைப் பிரிக்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. பிரித்த கிட்டைக் கடைக்காரர் திரும்ப எடுக்கமாட்டார்.