வடிவமைப்புப் பணிக்கு மவுஸ் வாங்கும் முன்: கையை அளப்பதிலிருந்து தொடங்குவோம்

கோரல்டிரா, இல்லஸ்ட்ரேட்டர் போன்ற வரைகலை மென்பொருளில் ஒரு சின்னத்தை வரைந்து முடிப்பதற்குள், புள்ளி வைப்பதும் இழுப்பதும் வளைப்பதுமாக ஒரே கை மணிக்கணக்கில் ஓயாமல் இயங்குகிறது. கடிதம் தட்டச்சு செய்பவருக்கு மவுஸ் இடையிடையே தேவைப்படும் ஒரு துணைக்கருவி. வடிவமைப்பாளருக்கோ அதுதான் தூரிகை. அப்படியிருந்தும், கணினியையும் திரையையும் பல நாள் விசாரித்து வாங்குகிற புதியவர்கள், மவுஸை மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கி வந்துவிடுகிறார்கள். சற்று விவரமானவர்கள் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் உள்ள, கர்சரின் வேகத்தைச் சொல்லும் டிபிஐ எண்ணைப் பார்க்கிறார்கள். கை நோகாமல் இருப்பதற்கும் அந்த எண்ணுக்கும் பெரிய தொடர்பு இல்லை. எனவே பெட்டியைப் பிறகு பார்ப்போம், முதலில் கையைப் பார்ப்போம்.

முதல் படி: கையை அளந்துகொள்ளுங்கள்

விரல்களைச் சேர்த்து உள்ளங்கையை மேசைமேல் வைத்து, நடுவிரல் நுனியிலிருந்து மணிக்கட்டின் ரேகை வரை அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 17 செ.மீ.க்குக் குறைவானால் சிறிய கை, 17 முதல் 19 வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது என்று தோராயமாகக் கொள்ளலாம். மவுஸின் நீளம் கை நீளத்தில் ஏறத்தாழ 60 விழுக்காடாக இருக்க வேண்டும் என்றொரு கைக்கணக்கு உண்டு. 18 செ.மீ. கைக்கு இது 10.8 செ.மீ. என்று வரும். வடிவமைப்பாளர்கள் அதிகம் பரிந்துரைக்கும் லாஜிடெக் எம்எக்ஸ் மாஸ்டர் 3எஸ் ஏறத்தாழ 12.5 செ.மீ. நீளமும் 141 கிராம் எடையும் கொண்டது; அதே நிறுவனத்தின் எம்எக்ஸ் எனிவேர் 3 என்பது 10 செ.மீ. நீளமும் 99 கிராம் எடையும்தான். முதலாவது நல்ல கருவி என்பதில் ஐயமில்லை. ஆனால் 17 செ.மீ. கை உள்ளவர் அதைப் பிடித்தால், விரல்கள் பொத்தான்களின் நுனியை எட்டுவதற்காக நாள் முழுவதும் விறைத்தபடியே இருக்கும். பிறர் புகழ்ந்த மவுஸ் நம் கைக்குப் பொருந்தாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இரண்டாம் படி: எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று கவனியுங்கள்

இப்போதுள்ள மவுஸில் பத்து நிமிடம் வேலை செய்துவிட்டு, கையை எடுக்காமல் குனிந்து பாருங்கள். உள்ளங்கை முழுவதும் அதன்மேல் படிந்திருந்தால், முதுகு உயர்ந்த, நீளமான வடிவம் ஏற்றது. உள்ளங்கையின் அடிப்பகுதி மட்டும் தொட்டு விரல்கள் வளைந்து நின்றால், நடுத்தர நீளம் போதும். விரல்நுனிகளால் மட்டுமே தொட்டு நகர்த்துபவர்களுக்குச் சிறியதும் எடை குறைந்ததும் நல்லது. பிடியை மாற்றிக்கொள்ள முயல வேண்டாம், அது பல ஆண்டுப் பழக்கம். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள், வலக்கைக்கென்றே வளைக்கப்பட்டவற்றை ஒதுக்கிவிட்டு, இருபுறமும் ஒத்த வடிவங்களையோ இடக்கைக்கெனத் தனியாக வரும் பதிப்புகளையோ தேட வேண்டும்.

மூன்றாம் படி: உங்கள் மென்பொருள் எதைக் கேட்கிறது?

பெரும்பாலானோர் தாண்டிச் சென்றுவிடும் இடம் இதுதான். பிளெண்டரில் முப்பரிமாண உருவத்தைச் சுற்றிப் பார்க்க, சக்கரத்தையே பொத்தானாக அழுத்திப் பிடித்தபடி இழுக்க வேண்டும். ஷிஃப்ட் விசையுடன் அதையே செய்தால் காட்சி பக்கவாட்டில் நகரும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை நடுவிரல் இதைச் செய்கிறது. சக்கரம் கடினமாக அழுந்தும் மவுஸாக இருந்தால், மாலைக்குள் அந்த விரல் வலிக்கத் தொடங்கிவிடும். ஆப்பிளின் மேஜிக் மவுஸில் சக்கரமே கிடையாது, மேற்பரப்பும் தட்டை. போதாக்குறைக்கு மின்னேற்றும் துளை அடிப்பக்கத்தில் இருப்பதால், மின்னேறும் நேரத்தில் அதைப் பயன்படுத்தவும் முடியாது. மேசைமேல் அழகாக இருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை.

பக்க வடிவமைப்பும் சின்னங்களும் செய்பவர்களுக்குச் சக்கரத்தின் சுழற்சி முக்கியம், ஏனெனில் பெரிதாக்குவதும் சிறிதாக்குவதும் அதன் வழியாகவே நடக்கின்றன. கட்டைவிரல் பக்கத்தில் இரண்டு கூடுதல் பொத்தான்கள் இருந்தால், கடைசியாகச் செய்ததை நீக்கும் ‘அன்டூ’ கட்டளையை ஒன்றில் ஏற்றிவிடலாம். இடக்கை கன்ட்ரோல், இசட் விசைகளுக்குத் தாவும் வேலை குறையும். இரண்டுக்கு மேல் தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை. வண்ணம் தீட்டுவதும் நிழல் இடுவதுமே உங்கள் முதன்மை வேலை என்றால், விலையுயர்ந்த மவுஸுக்குச் செலவிடும் பணத்தை ஒரு சிறிய பேனாப் பலகைக்கு (கிராஃபிக்ஸ் டேப்லெட்) ஒதுக்குவதே சரி.

நான்காம் படி: மணிக்கட்டின் கோணம்

வழக்கமான மவுஸைப் பிடிக்கும்போது உள்ளங்கை தரையைப் பார்க்கிறது. இதனால் முன்கையின் இரு எலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்று முறுகி நிற்கின்றன. கை குலுக்க நீட்டுவதுபோல் பக்கவாட்டில் வைத்தால் அந்த முறுக்கு தளர்கிறது. செங்குத்து மவுஸ்கள் இதற்காகவே வந்தன. லாஜிடெக்கின் லிஃப்ட், எம்எக்ஸ் வெர்டிகல் இரண்டும் 57 பாகைச் சாய்வு கொண்டவை. முன்னது சிறிய, நடுத்தரக் கைகளுக்கானது, இடக்கைப் பதிப்பும் அதில் உண்டு.

இவற்றில் ஒரு சிக்கல் இருக்கிறது. பொத்தான் பக்கவாட்டில் இருப்பதால், அழுத்தும் விசை மவுஸையே சற்றுத் தள்ளிவிடும். நுண்ணிய புள்ளியைக் குறிவைக்கும்போது கர்சர் விலகும். கட்டைவிரலால் எதிர்ப்பக்கம் தாங்கிக்கொள்ளப் பழகினால் இது குறையும், ஆனால் அதற்குச் சில நாள்கள் பிடிக்கும். பந்தை விரலால் உருட்டிக் கர்சரை நகர்த்தும் டிராக்பால் மவுஸ்களில் கையே நகர்வதில்லை என்பது ஆறுதல்தான். எனினும் பொத்தானை அழுத்திக்கொண்டே பந்தை உருட்டி வளைகோடு இழுப்பது தொடக்கநிலையினருக்கு எளிதன்று.

கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல்களில் மரத்துப்போதலோ இரவில் எழுப்பிவிடும் குத்தலோ ஏற்கனவே இருந்தால், அது மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதன் அறிகுறியாக இருக்கக்கூடும். அப்போது செல்ல வேண்டிய இடம் மவுஸ் கடையன்று, மருத்துவரிடம்.

ஐந்தாம் படி: எண்களைப் படிப்பது

டிபிஐ என்பது, மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் கர்சர் எத்தனை புள்ளிகள் நகரும் என்பதைக் குறிக்கிறது. 1920 புள்ளி அகலமுள்ள திரையை 1000 டிபிஐயில் கடக்க, கை ஏறத்தாழ 5 செ.மீ. நகர வேண்டும். அதே திரையை 8000 டிபிஐயில் வெறும் 6 மி.மீ. நகர்விலேயே கடந்துவிடும், அந்த வேகத்தில் வளைகோட்டின் கைப்பிடியை யாரால் துல்லியமாக நிறுத்த முடியும்? முழு எச்டி திரைக்கு 800 முதல் 1200 வரையும், 4கே திரைக்கு 1600 அளவிலும் வைத்துத் தொடங்கலாம். இன்றைய சாதாரண மவுஸ்களே இதை எளிதில் தருகின்றன.

கம்பி உள்ளதா, இல்லாததா என்பதில் நான் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. ஒன்றை மட்டும் பாருங்கள்: கம்பியில்லாத மவுஸில் போடும் ஓர் ஏஏ மின்கலம் 23 கிராம் அளவுக்கு எடை கூட்டும்.

ஆறாம் படி: கடையில் சோதிப்பது

பெட்டியைத் திறந்து காட்டும் கடையாகப் பார்த்துச் செல்லுங்கள். கணினியில் இணைத்து, ஏதேனும் ஒரு வரைகலை மென்பொருளில் மெதுவாக ஒரு வட்டத்தை இழுத்துப் பாருங்கள். சக்கரத்தை இருபது முறை தொடர்ந்து அழுத்துங்கள். பிறகு மவுஸைக் கட்டைவிரலாலும் மோதிரவிரலாலும் தூக்கி வேறிடத்தில் வையுங்கள். அதற்கு இறுகப் பற்ற வேண்டியிருந்தால் எடையோ பக்கவாட்டு வளைவோ உங்களுக்கு ஒத்துவரவில்லை. கண்ணாடி மேசையில் பல மவுஸ்களின் உணரி தடுமாறும் என்பதால், வீட்டில் அத்தகைய மேசை இருந்தால் துணி விரிப்பு ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள்.

ஏழாம் படி: வீட்டுக்கு வந்தபின்

விண்டோஸில் மவுஸ் அமைப்புகளுக்குள் சென்று ‘என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்’ என்பதை அணைத்துவிடுங்கள். பெயர் துல்லியத்தைச் சொன்னாலும், அது கையின் வேகத்துக்கேற்பக் கர்சரின் தூரத்தை மாற்றுவதால், ஒரே கையசைவு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். முழங்கை மேசை மட்டத்தில் இருக்கும்படி நாற்காலியை உயர்த்துங்கள்; மணிக்கட்டை மேசை விளிம்பில் ஊன்ற வேண்டாம். எண்பலகையுள்ள நீண்ட விசைப்பலகை மவுஸை வலப்பக்கம் தள்ளிவைப்பதால் தோள் விரிந்தே இருக்கும். விசைப்பலகையை இடப்பக்கம் நகர்த்தினாலே பாதி வலி குறைந்துவிடுவதுண்டு.

முதல் வாரத்தில் ஒவ்வொரு மாலையும் எந்த விரல், எந்த மூட்டு களைத்தது என்று ஒரு வரி எழுதிவையுங்கள். புதிய பிடிக்குப் பழகும் களைப்பு நாளுக்கு நாள் குறையும். வடிவப் பொருத்தமின்மையால் வரும் வலி கூடிக்கொண்டே போகும். எது நடக்கிறது என்று தெரியும்வரை பெட்டியையும் ரசீதையும் தூக்கி எறியாதீர்கள்; திருப்பித் தருவதற்கான கடைசி நாளை அந்தப் பெட்டியின் மேலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.