மாடியில் வைஃபை எடுக்கவில்லையா? முதலில் பெட்டியை நகர்த்துங்கள்

எங்கள் வீடு திருச்சியில், தொண்ணூறுகளில் கட்டியது. கீழே ஹால், இரண்டு ரூம், சமையலறை. மேலே ஒரே ஒரு ரூம், அப்புறம் மொட்டை மாடி. ஃபைபர் லைன் போட வந்த தம்பி வாசல் ஜன்னல் வழியாகக் கேபிளை உள்ளே விட்டு, கைக்கு எட்டிய முதல் இடமான டிவிக்குப் பின்னால் வைஃபை பெட்டியை (ரவுட்டரை) வைத்து, அதற்கு நாலடி தள்ளி நின்று ஃபோனில் ஸ்பீடு காட்டிவிட்டுப் போய்விட்டார். மாடி ரூமில் இருக்கும் அப்பா அன்றிலிருந்து "டேய், மறுபடி சுத்துதுடா" என்று படிக்கட்டில் நின்று குரல் கொடுக்க ஆரம்பித்தார். அதைச் சரி செய்ய நான் முதலில் பெரிய பிளானுக்கு மாறினேன், அப்புறம் சிக்னலைப் பிடித்துத் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்று வாங்கினேன். இரண்டும் தண்டம். வேலைக்கு ஆனதை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் கோளாறு லைனிலா வைஃபையிலா என்று பாருங்கள். லேப்டாப்பை லேன் கேபிள் போட்டுப் பெட்டியில் நேராகச் செருகி ஸ்பீடு டெஸ்ட் ஓட்டுங்கள். அதிலேயே குறைவாக வந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது, கம்பெனிக்கு ஃபோன் போடுங்கள். கேபிளில் முழு ஸ்பீடும் வந்து ரூமில் வரவில்லை என்றால் பிளானை ஏற்றுவது வீண், ஏனென்றால் அடைப்பு பெட்டிக்கும் உங்கள் ஃபோனுக்கும் நடுவில் இருக்கிறது.

அடுத்து, ஆண்ட்ராய்டு ஃபோனில் வைஃபை அனலைசர் ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டு ரூம் ரூமாக நடந்து போய் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். (ஐஃபோனில் இந்த ஆப்கள் ஒழுங்காக வேலை செய்யாது, வீட்டில் யாருடையதாவது வாங்கிக்கொள்ளுங்கள்.) ஃபோனில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். ஆப்பில் டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு) என்று மைனஸில் ஓர் எண் வரும், பூஜ்ஜியத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. -50 அருமை, -67 வரை வீடியோ கால் தாங்கும், -75க்குக் கீழே திணறும், -85 என்றால் பெயர் மட்டும்தான் லிஸ்டில் தெரியும். பத்து குறைந்தால் சிக்னலின் பலம் பத்தில் ஒரு பங்கு, இருபது குறைந்தால் நூறில் ஒரு பங்கு. எங்கள் வீட்டில் ஹாலில் -42, சமையலறையில் -71, மாடியில் -84. பிறகு அப்பா கத்தாமல் என்ன செய்வார்?

இணையத்தில் கிடைக்கும் ஆங்கில யோசனைகள் பல, மரச்சட்டமும் அட்டைப் பலகையும் வைத்துக் கட்டிய வெளிநாட்டு வீடுகளை மனதில் வைத்துச் சொன்னவை. நம் வீடு ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், இரண்டு பக்கமும் பூச்சு, மேலே கம்பி கட்டிய கான்கிரீட் தளம். ஒரு சுவரைக் குறுக்கே சாய்வாகக் கடக்கும் சிக்னல், நேராகக் கடப்பதைவிட அதிக செங்கலைத் தாண்ட வேண்டியிருக்கும். அதற்கு மேல் பீரோ, ஃப்ரிட்ஜ், பாத்திர அலமாரி என்று எல்லாமே இரும்பும் எவர்சில்வரும். கண்ணாடி வைத்த பீரோ என்றால் கேட்கவே வேண்டாம். தண்ணீரும் சிக்னலை விழுங்கும், மீன் தொட்டிப் பக்கத்தில் பெட்டியை வைக்காதீர்கள்.

சரி, பெட்டியை எங்கே வைப்பது? வீட்டின் நடுப்பகுதியில், தரையிலிருந்து ஐந்தாறு அடி உயரத்தில், திறந்த இடத்தில். மாடி வீடு என்றால் நான் சொல்லும் இடம் ஒன்றே ஒன்றுதான்: மாடிப்படி. வீட்டில் கான்கிரீட் தளம் இல்லாமல் கீழும் மேலும் திறந்து கிடக்கும் ஒரே இடம் அதுதான், சிக்னலும் அந்த வழியாகத்தான் மேலே ஏறும். பெட்டியைப் படி திரும்பும் இடத்துச் சுவரில் மாட்டியதும் மாடியில் -84 என்பது -70 ஆனது, பைசா செலவில்லை. ஆன்டெனாவைப் பொறுத்தவரை, குச்சியின் முனை காட்டும் திசையில் சிக்னல் போகும் என்று பலர் நினைக்கிறார்கள், உண்மையில் முனைப் பக்கம்தான் பலவீனம். உளுந்து வடை மாதிரி குச்சியைச் சுற்றித்தான் சிக்னல் பரவும். அதனால் ஒரு குச்சியை நேராக நிறுத்துங்கள், அது அதே தளத்துக்கு. இன்னொன்றைப் படுக்கையாகச் சாய்த்துவிடுங்கள், அது மாடிக்கு. பின்னால் எவர்சில்வர் தட்டு வைத்தால் சிக்னல் கூடும் என்று வரும் வீடியோக்கள் முழுப் பொய் இல்லை, ஒரு பக்கம் கொஞ்சம் கூடும்தான், ஆனால் தட்டுக்குப் பின்னால் இருக்கும் ரூம் செத்துவிடும்.

நகர்த்தும்போது ஒரு எச்சரிக்கை. பெட்டிக்குள் வருவது சாதாரண வயர் இல்லை, கண்ணாடி இழை. மடக்கினாலோ ஜன்னல் கதவில் நசுங்கினாலோ போயிற்று. நீளம் போதவில்லை என்றால் லைன் போட்டவரைக் கூப்பிட்டு நீளமான கேபிளாக மாற்றித் தரச் சொல்லுங்கள். கழற்றிய முனையைக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்க்காதீர்கள், உள்ளே வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது.

செட்டிங்ஸில் பெரிய மாயம் எதுவும் இல்லை, ஆனால் இரண்டு விஷயம் பார்க்கலாம். பெட்டி பேசும் இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவரைத் தாண்டச் சோம்பேறி, 2.4 மெதுவானது, கொஞ்சம் தூரம் போகும். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்து தூரத்து ரூமில் ஃபோன் 5-ஐயே பிடித்துத் தொங்கினால், தனித்தனிப் பெயர் வைத்து அந்த ரூமுக்கு 2.4 மட்டும் கொடுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு 2.4-இல் இன்னொரு தொல்லை: அக்கம்பக்கத்துப் பெட்டிகள் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று பேசும். அந்த அலைவரிசை சேனல் சேனலாகப் பிரிந்திருக்கும், அதில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. ஆப்பில் பார்த்து எது காலியோ அதைப் போடுங்கள், சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய இதே 2.4-இல்தான் ஓடுகிறது, சாப்பாடு சூடாகும்போது மட்டும் நெட் தடுமாறினால் காரணம் அதுதான்.

இப்போது ரிப்பீட்டர் கதை. நான் அதை மாடி ரூமிலேயே, அப்பாவின் கட்டில் பக்கத்துப் பிளக்கில் செருகினேன். ஃபோனில் கோடுகள் முழுசாக வந்தன, அப்பாவுக்கு ஒரு நாள் சந்தோஷம், மறுநாள் மறுபடி "சுத்துதுடா". நடந்தது இதுதான்: சிக்னலே வராத இடத்தில் உட்கார்ந்துகொண்டு வராத சிக்னலை அது சத்தமாகத் திருப்பிச் சொன்னது. பாதி வழியில், சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில்தான் அதை வைக்க வேண்டும். அப்படி வைத்தாலும் சாதாரண ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் கேட்டு அதிலேயே திருப்பிச் சொல்வதால் ஸ்பீடு பாதியாகிவிடும். வாட்ஸப்புக்குப் போதும், ஆன்லைன் வகுப்புக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

காசு செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு லேன் கேபிளுக்குச் செலவழியுங்கள். கீழிருந்து மாடிக்குக் கேபிள், அதன் முனையில் பரணில் கிடக்கும் பழைய ரவுட்டர், அவ்வளவுதான். சுவரை உடைக்க வேண்டுமே என்று பயப்படுகிறீர்களா? உங்கள் வீட்டுச் சுவருக்குள் லேண்ட்லைனுக்கோ கேபிள் டிவிக்கோ போட்ட பைப் சும்மா கிடக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் பத்து வருடமாகச் செத்துக்கிடந்த டெலிஃபோன் வயரின் முனையில் லேன் கேபிளைக் கட்டி மறுபக்கம் இழுத்தார், அரை மணி நேரத்தில் மாடிக்கு வந்துவிட்டது. கரண்ட் வயர் போகும் பைப்பில் மட்டும் கூடவே விடக் கூடாது.

லேன் கேபிளில் கேட்-5இ என்ற ரகம் போதும், 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் தாங்கும். புதிதாக வாங்குவதால் கேட்-6 வாங்கினாலும் தப்பில்லை. முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு, கம்பியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் மீட்டர் கணக்கில் வெட்டி, முனை (பிளக்) அடித்தே வாங்கிக்கொள்ளலாம், ஆனால் பைப்புக்குள் விடுவதானால் முனையை வீட்டில் இழுத்த பிறகுதான் அடிக்க வேண்டும். எட்டு இழையும் சரியாக உட்கார வேண்டும். 200 எம்பிபிஎஸ் பிளானில் மாடியில் 94-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறதா? ஒன்று, ஏதோ ஓர் இழை ஒட்டவில்லை; இல்லையென்றால் பழைய ரவுட்டரின் போர்ட்டே 100 தான்.

பழைய ரவுட்டரை இதற்குத் தயார் செய்வது இப்படி. ரீசெட் செய்து, லேப்டாப்பில் செருகி உள்ளே போங்கள். ஆக்சஸ் பாயிண்ட் மோட் (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாக மட்டும் கொடுப்பது) என்று இருந்தால் அதைப் போட்டால் வேலை முடிந்தது. இல்லையென்றால், கீழே இருக்கும் பெட்டியின் முகவரி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுங்கள், ஃபோன்களுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியை அணைத்துவிடுங்கள், கேபிளை வேன் (இன்டர்நெட்) போர்ட்டில் செருகாமல் லேன் போர்ட்டில் செருகுங்கள். நான் டிஹெச்சிபியை அணைக்க மறந்து, ஒரு ஃபோனில் நெட் வரும் இன்னொன்றில் வராது என்று இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். வைஃபை பெயர், பாஸ்வேர்டு இரண்டும் கீழே உள்ளது போலவே வையுங்கள், சேனல் மட்டும் வேறு. மாடிக்குப் போன பிறகும் ஃபோன் கீழ்ப் பெட்டியையே பிடித்துக்கொண்டிருந்தால் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். எந்தப் பெட்டியைப் பிடிப்பது என்று முடிவு செய்வது ஃபோன்தான், பெட்டி இல்லை.

வாடகை வீடு, ஆணி அடிக்கவே விடமாட்டார் ஓனர் என்றால் மெஷ் செட் (ஒன்றோடொன்று பேசி ஒரே வைஃபையாக வேலை செய்யும் பெட்டிகள்) வாங்குங்கள். விலை கூடுதல், ரிப்பீட்டரைவிட நன்றாகவே இருக்கும், ஆனால் இரண்டாவது பெட்டியைச் செத்த ரூமில் வைத்தால் அதற்கும் ரிப்பீட்டர் கதிதான். கரண்ட் வயர் வழியாகவே நெட் அனுப்பும் அடாப்டரும் கிடைக்கிறது. இரண்டு பிளக்கும் வேறு வேறு ஃபேஸில் இருந்தால் அது படுத்துவிடும், அதனால் த்ரீ ஃபேஸ் வீட்டுக்காரர்கள் கடையில் திருப்பி எடுப்பார்களா என்று கேட்டுவிட்டு வாங்கவும்.

ஒன்று விட்டுப்போயிற்று. முதல் தடவை கரண்ட் போனபோதுதான் தெரிந்தது, மாடியில் நான் ரவுட்டரைச் செருகிய பிளக் இன்வெர்ட்டர் லைனில் இல்லை என்று. இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் ரவுட்டருக்கென்றே வரும் சின்ன யூபிஎஸ் வாங்கலாம். அடாப்டரின் மேல் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருக்கும், அதை ஃபோட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 9 வோல்ட் பெட்டிக்கு 12 வோல்ட் கொடுத்தால் எரிந்துவிடலாம்.