பழைய காரில் உப்புநீர்த் திட்டுகள் போக

வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, மென்மையான துணியை அதில் நனைத்துத் திட்டின் மேல் இரண்டு நிமிடம் போட்டு வையுங்கள். பிறகு அழுத்தாமல் துடைத்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஈரத்தை உடனே ஒற்றி எடுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் காய்ந்ததும் தங்கும் சுண்ணாம்பு உப்பை வினிகரின் அமிலம் கரைத்துவிடும். வெறும் சோப்பு நீரால் அது முடியாது. காரை நிழலில் நிறுத்தி, பெயின்ட் நன்றாக ஆறிய பிறகே செய்ய வேண்டும். வெயிலில் வினிகர் காய்ந்தால் அதுவே புதிய கறையாகிவிடும்.

உப்பு போன பின்னும் தடம் மங்கலாகத் தெரிந்தால், பெயின்ட் அரிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மென்மையான பாலிஷ்தான் வழி. நகத்தால் தடவும்போது பள்ளம் தட்டுப்பட்டாலோ மேல்பூச்சு உரிந்திருந்தாலோ தேய்க்கவே வேண்டாம். பழைய காரில் பூச்சு ஏற்கெனவே மெலிந்திருக்கும். அந்த இடத்துக்கு மறுபூச்சுதான்.