அறிவியல் புனைவு, ஃபேண்டஸி நாவலைத் திருத்துவது எப்படி? சுயமாக வெளியிடும் புதியவர்களுக்கு ஒரு செய்முறை

முதல் வரைவை முடித்த கையோடு எழுத்துப்பிழை பார்க்க உட்கார்ந்துவிடுவதுதான் புதிதாக எழுதுபவர்கள் பலரும் செய்வது. முதல் பக்கத்தில் ஓர் ஒற்று விட்டுப்போயிருக்கும், அதைச் சேர்ப்பார்கள். அடுத்த பக்கத்தில் ஒரு வாக்கியத்தை அழகுபடுத்துவார்கள். இப்படியே முந்நூறு பக்கம் போன பிறகு, பதினோராம் அத்தியாயமே கதைக்குத் தேவையில்லை என்று தெரியவரும். அதில் பார்த்த வேலை அத்தனையும் வீண்.

பதிப்பகம் வழியாக வரும் புத்தகம் என்றால் எடிட்டர், மெய்ப்புத் திருத்துபவர் என்று ஆளுக்கொரு வேலை பார்ப்பார்கள். சொந்தமாக மின்னூல் வெளியிடுபவருக்கு அந்த வசதி இல்லை, எல்லோருடைய வேலையும் அவர் தலையில்தான். அதனால் திருத்தத்தைப் பல சுற்றுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றில் ஒரே ஒரு கேள்வி. பெரியதை முதலில் பாருங்கள், சிறியதைக் கடைசியில். நம் வகை எழுத்தில் மிகப் பெரியது, நீங்கள் படைத்த உலகத்தின் விதிதான். அது ஓரிடத்தில் உடைந்தாலும் வாசகர் கதையை நம்புவதை நிறுத்திவிடுவார். அதற்குப் பிறகு நடை எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை.

படி 1: நகல் எடுத்துவிட்டு விலகி இருங்கள்

கோப்பை அப்படியே நகலெடுத்து, பெயரில் தேதியைச் சேர்த்து வேறோர் இடத்தில் சேமியுங்கள். பழைய வடிவம் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தால்தான் துணிந்து வெட்ட மனம் வரும். அப்புறம் மூன்று, நான்கு வாரம் அந்தப் பக்கமே போகாதீர்கள். வேறு ஏதாவது எழுதுங்கள், நிறையப் படியுங்கள்.

படி 2: கை வைக்காமல் ஒருமுறை படியுங்கள்

எழுதிய அதே திரையில் படித்தால் எழுதியவராகவே படிப்பீர்கள். மின்னூல் வடிவத்துக்கு மாற்றி, கைபேசியிலோ கிண்டில் என்ற மின்னூல் கருவியிலோ படியுங்கள். எதையும் திருத்த வேண்டாம். சலிப்புத் தட்டும் இடத்தில் ‘ச’, குழப்பமான இடத்தில் ‘கு’, நம்ப முடியாத இடத்தில் ‘ந’ என்று குறித்துக்கொண்டு மேலே போங்கள். காரணத்தைப் பிறகு ஆராயலாம்.

படி 3: காட்சிப் பட்டியல் போடுங்கள்

ஒரு விரிதாளில் காட்சிக்கு ஒரு வரி. யாருடைய பார்வையில் வருகிறது, எங்கே எப்போது நடக்கிறது, காட்சியின் முடிவில் என்ன மாறியிருக்கிறது, உலகத்தைப் பற்றி வாசகர் புதிதாகத் தெரிந்துகொண்டது என்ன என்று நான்கு கட்டங்கள் போதும். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் அந்தக் காட்சியை நீக்கலாம், அல்லது பக்கத்துக் காட்சியோடு சேர்த்துவிடலாம்.

நான்காவது கட்டம் நம் வகைக்கே உரியது. பெரும்பாலான முதல் வரைவுகளில் இது முதல் மூன்று அத்தியாயங்களில் நிரம்பி வழியும், பிறகு வெறுமையாகக் கிடக்கும். இன்னொன்றையும் பாருங்கள்: கடைசிச் சண்டையில் நாயகியைக் காப்பாற்றும் மந்திரமோ கருவியோ கதையில் முதன்முதலாக எங்கே வருகிறது? அதற்கு முந்தைய பக்கத்தில் என்றால் வாசகர் ஏமாந்ததாகவே உணர்வார். மந்திரத்தைக் கொண்டு ஒரு சிக்கலைத் தீர்க்க வேண்டுமானால், அந்த மந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பது வாசகருக்கு அந்த அளவுக்கு முன்கூட்டியே புரிந்திருக்க வேண்டும் என்று அமெரிக்க ஃபேண்டஸி எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் 2007-இல் ஒரு கட்டுரையில் எழுதினார். திருத்தும்போது இதை அப்படியே ஒரு சோதனையாகப் பயன்படுத்தலாம்.

படி 4: விதி, விலை, விளைவு

அதிக நேரம் செலவழிக்க வேண்டிய சுற்று இது. ஒரு குறிப்பேட்டை எடுத்து, உங்கள் உலகத்தில் நம் உலகத்திலிருந்து மாறுபட்ட ஒவ்வொன்றையும் எழுதுங்கள். ஒவ்வொன்றின் கீழும் மூன்று கேள்விகள்: இது எப்படி வேலை செய்கிறது? இதைப் பயன்படுத்த என்ன விலை? இது இருப்பதால் மற்றவர்கள் வாழ்க்கையில் என்ன மாறியிருக்கும்?

ஓர் உதாரணம். ஒரு பொருளைத் தொட்டால், அதை முன்பு வைத்திருந்தவரின் கடைசி நினைவு சிலருக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். அது விதி. ஒவ்வொரு முறை தொடும்போதும் அவர்களுடைய சொந்த நினைவு ஒன்று அழிந்துவிடும். அது விலை. மூன்றாம் அத்தியாயத்தில் நாயகி ஒரு மோதிரத்தைத் தொடுகிறாள், அம்மாவின் குரலை மறந்துபோகிறாள். நல்ல காட்சி. பத்தொன்பதாம் அத்தியாயத்தில் கொலையாளியைத் தேடும் அவசரத்தில் ஒரே இரவில் ஆறு பொருள்களைத் தொடுகிறாள், எதையும் இழக்கவில்லை. எழுதியவருக்கும் அவசரம், விலை மறந்துவிட்டது. வாசகருக்கு மறக்காது. இதை ஒரு வாக்கியத்தில் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். ஆறு பொருளை இரண்டாகக் குறைத்து, அந்த இரண்டுக்கும் அவள் எதைக் கொடுத்தாள் என்று எழுதினால் அந்த இரவுக்கே கனம் கூடும்.

விளைவுதான் பலரும் தவறவிடுவது. இப்படிப்பட்டவர்கள் இருக்கும் ஊரில் திருடர்கள் கையுறை இல்லாமல் திரிவார்களா? கொலைகாரர் கத்தியை அங்கேயே போட்டுவிட்டுப் போவாரா? நீதிமன்றம் இவர்களைச் சாட்சியாக ஏற்குமா? இறந்தவரின் பொருள்களை எரித்துவிடும் வழக்கம் வந்திருக்காதா? எல்லாவற்றுக்கும் நாவலில் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஓரிரண்டு பதில்கள் கதையின் போக்கில் தென்பட்டால் போதும், உலகம் உயிரோடு எழுந்து நிற்கும். ஒரு நாவலின் மிகச் சிறந்த காட்சிகள் இந்தச் சுற்றில்தான் பிறக்கின்றன என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அறிவியல் புனைவு என்றால் இதே குறிப்பேட்டில் எண்களும் வேண்டும். பூமியிலிருந்து செவ்வாய்க்கு ஒரு செய்தி போய்ச் சேர, இரண்டும் இருக்கும் இடத்தைப் பொறுத்து ஏறக்குறைய 3 முதல் 22 நிமிடம் ஆகும். அங்கே இருப்பவரும் இங்கே இருப்பவரும் மாறி மாறிப் பேசிச் சண்டை போடும் காட்சி இருந்தால், காட்சியையே மாற்ற வேண்டும். பயணத்துக்கு ஆகும் நாட்கள், பாத்திரங்களின் வயது, கப்பலின் வேகம் எல்லாவற்றையும் ஒரு காலக்கோட்டில் வையுங்கள். அமெரிக்க எழுத்தாளர் லாரி நிவனின் ‘ரிங்வேர்ல்ட்’ நாவல் 1970-இல் வெளிவந்தபோது, தன் பிறந்தநாளை நீட்டிக்க நினைக்கும் நாயகன், நொடியில் வேறோர் ஊருக்குக் கொண்டுபோகும் கருவியின் மூலம் பூமியில் கிழக்கு நோக்கித் தாவிக்கொண்டே போவான். மேற்கே போனால்தான் நாள் நீளும். பின்னால் வந்த அச்சில் திசையை மாற்றினார்கள். அந்த நாவலில் ஒரு விண்மீனைச் சுற்றி அமைந்திருக்கும் மாபெரும் வளையம் நிலையாக இருக்காது என்றும் வாசகர்கள் கணக்கோடு சுட்டிக்காட்டினார்கள். பின்னர் எழுதிய அடுத்த பாகத்தில் நிவன் அந்தச் சிக்கலையே கதையாக்கினார்.

படி 5: பெரிய வெட்டுகள்

பட்டியலும் குறிப்பேடும் இருந்தால் இந்தச் சுற்று வேகமாக நகரும். காட்சிகளை இடம் மாற்றுங்கள், நீக்குங்கள், புதிதாக எழுதுங்கள். நீக்கியவற்றைத் தனிக் கோப்பில் போட்டு வையுங்கள். வாக்கிய அழகைப் பற்றி இப்போதும் கவலைப்பட வேண்டாம்.

படி 6: விளக்கத்தைக் காட்சிக்குள் கரையுங்கள்

இரண்டாம் சுற்றில் ‘ச’ என்று குறித்த இடங்களுக்குப் போங்கள். அவற்றில் பாதியாவது உலக விளக்கமாகத்தான் இருக்கும். இப்படி ஒரு பத்தி:

“உனக்குத்தான் தெரியுமே மாறன், நம் சுரங்க நிலையம் நிலவின் தென்துருவத்தில் இருக்கிறது. இங்கே ஈர்ப்பு பூமியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்குதான். மூச்சுக்காற்றைப் பனிக்கட்டியிலிருந்து பிரித்தெடுக்கிறோம், அதனால் காற்றுக்கு அளவு உண்டு,” என்றாள் யாழினி.

மாறனுக்குத் தெரிந்ததை யாழினி ஏன் சொல்கிறாள்? வாசகருக்காக. அது வெளியே தெரிந்துவிடுகிறது. திருத்திப் பார்ப்போம்:

மாறனின் முழங்கை பட்டுக் குவளை மேசையிலிருந்து சரிந்தது. அது தரையைத் தொடுவதற்குள் யாழினி நிதானமாகக் குனிந்து பிடித்துவிட்டாள்.
“கத்தாதே,” என்றாள். “இந்த மாதக் காற்றில் உனக்கு ஒன்பது நாள்தான் பாக்கி.”

ஈர்ப்பு குறைவு என்பது குவளையில் தெரிகிறது. காற்றுக்கு அளவு உண்டு என்பது மிரட்டலாகவே வந்துவிட்டது. தென்துருவமும் பனிக்கட்டியும் வேறு இடத்தில் வரட்டும், இங்கே அவசரமில்லை. இந்தத் திருத்தத்தையும் சரிபார்க்க வேண்டும். மேசை உயரத்திலிருந்து விழும் பொருள் பூமியில் அரை நொடிக்குள் தரையைத் தொடும், நிலவில் கிட்டத்தட்ட ஒரு நொடி ஆகும். ஆகவே யாழினி பிடிப்பது நம்பும்படி இருக்கிறது. அதே குவளையை மாறன் சுவரை நோக்கி வீசியிருந்தால் கதை வேறு. குறைந்த ஈர்ப்பு, வீசிய பொருளின் பக்கவாட்டு வேகத்தைக் குறைக்காது.

எல்லா விளக்கத்தையும் இப்படி மறைக்கத் தேவையில்லை. வாசகருக்குத் தெரிந்தே ஆக வேண்டிய ஒன்றைச் சில நேரம் கதைசொல்லியே ஒரு வரியில் நேராகச் சொல்லிவிடுவது நல்லது. அரைப் பக்கத்துக்கு மேல் போனால்தான் சந்தேகப்பட வேண்டும்.

படி 7: பீட்டா வாசகர்கள்

வெளியிடுவதற்கு முன்பே முழுதாகப் படித்துச் சொல்லக்கூடிய நான்கைந்து பேர் வேண்டும். சிலர் இந்த வகையில் ஊறியவர்களாகவும் ஒருவராவது இதைப் படிக்காதவராகவும் இருக்கட்டும். “எப்படி இருக்கு?” என்று கேட்டால் “நல்லா இருக்கு” என்ற பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: எந்த இடத்தில் மூடி வைத்தீர்கள்? எந்தப் பெயர் யாருடையது என்று குழம்பியது? இந்த உலகத்தின் மந்திரத்தை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள். மூன்றாவது கேள்விக்கு நான்கு பேரும் நான்கு விதமாகப் பதில் சொன்னால், விதி உங்கள் குறிப்பேட்டில் இருக்கிறது, நாவலுக்குள் இன்னும் வரவில்லை.

அவர்கள் சொல்வதற்கு மறுப்புப் பேசாதீர்கள். இருவர் ஒரே இடத்தில் தடுக்கினால் அந்த இடத்தில் கோளாறு இருக்கிறது. அதற்கு அவர்கள் சொல்லும் வழி பொருந்தாமல் போகலாம், வழியை நீங்கள் கண்டுபிடியுங்கள்.

துறை அறிந்தவர் ஒருவர் கிடைத்தால் பெரிய வரம். ஆண்டி வீர், செவ்வாயில் தனியே சிக்கிக்கொள்ளும் விண்வெளி வீரரின் கதையான ‘தி மார்ஷியன்’ நாவலைத் தன் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டபோது, படித்தவர்கள் அறிவியல் பிழைகளைச் சொல்லச் சொல்லத் திருத்திக்கொண்டே வந்தார். 2011-இல் அதைக் கிண்டிலில் தானே வெளியிட்டார். ஆனால் கதையைத் தொடங்கிவைக்கும் புழுதிப்புயலைத் தெரிந்தே விட்டுவைத்தார். செவ்வாயின் காற்றழுத்தம் பூமியில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை, அங்கே புயல் அவ்வளவு பலமாக அடிக்காது. கதைக்கு அது தேவைப்பட்டது, வைத்துக்கொண்டார். தெரிந்து செய்யும் ஒரு விதிமீறலை, அதுவும் கதையின் தொடக்கத்தில் வந்தால், வாசகர் ஏற்றுக்கொள்வார். தெரியாமல் செய்த பத்துப் பிழைகளுக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

படி 8: பெயர், சொல், வாக்கியம்

இப்போதுதான் சொல்லுக்கு வருகிறோம். நீங்கள் உருவாக்கிய பெயர் ஒவ்வொன்றையும் ஒரு பட்டியலில் எழுதி, ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்யுங்கள். ஸோரியா, சோரியா இரண்டும் இருக்கக் கூடாது. பிழைதிருத்தியின் சொந்த அகராதியில் அந்தப் பெயர்களைச் சேர்த்துவிடுங்கள். தமிழில் தேடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வேற்றுமை உருபு சேர்ந்தால் சொல்லின் கடைசி மாறிவிடும். கோளின் பெயர் ‘வேரணம்’ என்றால் ‘வேரணத்தில்’, ‘வேரணத்துக்கு’ எல்லாம் பிடிபட ‘வேரண’ என்று தேடுங்கள். ‘அனைத்தையும் மாற்று’ பொத்தானை மட்டும் அழுத்தாதீர்கள். ‘கரன்’ என்ற பெயரை மாற்றப் போய், ‘சேகரன்’ என்பவரின் பெயரும் பாதி மாறியிருக்கும்.

அடுத்து, பாத்திரங்களின் பேச்சு அவர்களுடைய உலகத்திலிருந்து வருகிறதா என்று பாருங்கள். குதிரையே இல்லாத கோளில் பிறந்தவர் ‘குதிரைக்கொம்பு’ என்று சொல்ல வழியில்லை. விண்கலத்துக்குள்ளேயே வளர்ந்த குழந்தைக்கு மழை வாசம் தெரியாது. அந்த இடத்தில் அவர்கள் எதைச் சொல்வார்கள் என்று யோசித்தால் புதிய சொற்றொடர்கள் கிடைக்கும், அவற்றில் நல்லதாக ஒன்றிரண்டு போதும். கடிகாரம் இல்லாத உலகத்தில் ‘ஐந்து நிமிடம்’ வருகிறதா என்றும் தேடுங்கள்.

பிறகு முழு நாவலையும் கைபேசியைக் கொண்டு வாசிக்க வைத்துக் கேளுங்கள். திரும்பத் திரும்ப வரும் சொற்களும் மூச்சு முட்டும் வாக்கியங்களும் காதில் உடனே உறுத்தும். ஒற்றுப்பிழை, நிறுத்தற்குறி எல்லாம் இதற்கும் பிறகு.

படி 9: வெளியீடும் அதன் பிறகும்

மின்னூலாக மாற்றியதும் சிறிய திரையிலும் பெரிய திரையிலும் புரட்டிப் பாருங்கள். காட்சி மாற்றத்தைக் காட்டும் இடைவெளி பல நேரம் காணாமல் போயிருக்கும், கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கும்.

வெளிவந்த பிறகும் கேடிபியில் (அமேசானின் சுயவெளியீட்டுத் தளம்) திருத்திய கோப்பை மறுபடி ஏற்றலாம். வாசகர்கள் சொல்லும் எழுத்துப்பிழைகளைச் சேர்த்துவைத்து மொத்தமாக ஏற்றுங்கள். கதையையே மாற்றுவது வேறு விஷயம், அதற்கு வலுவான காரணம் வேண்டும். ஆங்கில எழுத்தாளர் டோல்கீனுக்கு இருந்தது. 1937-இல் வந்த ‘தி ஹாபிட்’ முதல் பதிப்பில், விடுகதைப் போட்டியில் தோற்றால் மோதிரத்தைப் பரிசாகத் தருவதாக, அதை வைத்திருக்கும் கொல்லம் (Gollum) என்ற பாத்திரமே சொல்லும். அடுத்து எழுதிய பெரிய நாவலில் அந்த மோதிரம் யாரும் எளிதில் மனமுவந்து கொடுத்துவிட முடியாத பொருளாக மாறியதால், 1951 பதிப்பில் அந்த அத்தியாயத்தைத் திருத்தினார். பழைய வடிவம் நாயகன் பில்போ சொன்ன பொய் என்று கதைக்குள்ளேயே காரணமும் வைத்தார்.

நீங்களும் தொடராக எழுதுவதாக இருந்தால் விதிக் குறிப்பேட்டைத் தூக்கிப் போடாதீர்கள். வெளியான வடிவத்தில் உள்ளபடி அதைப் புதுப்பித்து, எந்த விதி எந்த அத்தியாயத்தில் சொல்லப்பட்டது என்றும் குறித்து வைத்துவிட்டு இரண்டாம் பாகத்தைத் தொடங்குங்கள்.